ஜோடி சேர்ப்பது உருவம்தான்

வைரத் தோடு எடுக்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது நிறத்தையும் தெளிவையும்தான். 'எஃப் கலரா, வி.வி.எஸ்.ஸா?' வட்டக் கல்லுக்கு இந்தக் கேள்வி ஓரளவு போதும். பேரிக்காய் வடிவக் கல்லை, அதுவும் இரண்டு காதுக்கும் ஜோடியாக எடுக்கும்போது, இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. முதலில் உருவம், அடுத்து ஒளி, பிறகு நிறம், கடைசியில்தான் தெளிவு. காதில் இருக்கும் கல்லை யாரும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்ப்பதில்லை. எதிரே நின்று பேசுகிறவர் குறைந்தது ஒரு கை தூரத்தில் இருக்கிறார். அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரிவது எதுவோ, அதற்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

உலகறிந்த இரண்டு ஜோடிகளைப் பாருங்கள். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், பிரான்ஸ் அரசி மரீ அந்துவானெத் அணிந்தவை என்று சொல்லப்படும் காதணிகள் இருக்கின்றன. இரண்டிலும் பேரிக்காய் வடிவ வைரம் தொங்குகிறது. ஒன்று 20.34 காரட், மற்றது 14.25 காரட். ஆறு காரட் வித்தியாசம் இருந்தும் அவை ஒரு ஜோடியாகவே போற்றப்படுகின்றன. 2017 மே மாதம் ஜெனீவாவில் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்த ஜோடி இன்னும் துணிச்சலானது. 14.54 காரட் 'அப்பல்லோ புளூ' நீலம், 16 காரட் 'ஆர்ட்டெமிஸ் பிங்க்' இளஞ்சிவப்பு. தனித்தனியாக ஏலம் விட்டும் ஒருவரே இரண்டையும் வாங்கினார். கொடுத்த விலை மொத்தம் 5.7 கோடி டாலருக்கு மேல். முதல் ஜோடியில் எடை ஒட்டவில்லை, இரண்டாவதில் நிறமே வேறு. இரண்டையும் ஜோடியாக்கியது பேரிக்காய் உருவம்.

இத்தகைய பெரிய கல்லுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை நாம் வாங்கும் அரைக் காரட் கல்லுக்குக் கிடையாது. சின்னக் கல்லில் நீளம் கொஞ்சம் மாறினாலும் தெரிந்துவிடும். அதனால் 'இரண்டும் ஐம்பது சென்ட்' என்ற பதிலோடு நிற்கக் கூடாது. ஒரு கல் ஆழமாக வெட்டப்பட்டிருந்தால் அதன் எடை அடிப்பக்கத்தில் போய்ப் பதுங்கிவிடும். மேலிருந்து பார்க்கையில் அது அதே எடையுள்ள மற்றக் கல்லைவிடச் சிறியதாக இருக்கும். நாம் சென்ட் கணக்கில் பணம் கட்டுகிறோம், காதில் தெரிவதோ மில்லிமீட்டர். நன்றாக வெட்டிய ஒரு காரட் பேரிக்காய்க் கல் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் நீளமும் ஐந்தரை அகலமும் இருக்கும். அதே எடை வட்டக் கல்லின் விட்டம் ஆறரைதான். நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஒன்றரை வரும் கல் காதோடு ஒட்டிய தோட்டுக்கு அழகு. தொங்கலுக்கு 1.7 வரை போகலாம். இரண்டு கல்லுக்கும் இந்த விகிதம் ஒன்றாக இருக்கட்டும்.

எண்கள் ஒத்துப்போன பிறகும் கண்ணால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கல்லை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, முனையிலிருந்து வட்டப்பகுதியின் நடுவுக்கு மனதில் ஒரு கோடு இழுங்கள். இடது பாதியும் வலது பாதியும் ஒன்றுபோல வளைகின்றனவா? ஒரு தோள் உயர்ந்தோ, ஒரு பக்கம் தட்டையாகவோ இருக்கிறதா? கல்லின் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தால் அதைப் 'போ டை' என்பார்கள். லேசாக இருந்தால் பரவாயில்லை. ஒரு கல்லில் அடர்த்தியாகவும் மற்றதில் இல்லாமலும் இருந்தால் அது ஜோடியே அல்ல. வெயிலிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புளூ ஜாகர் என்று நம்மவர்கள் விரும்பித் தேடும் நீலச்சாயல் ஒன்றில் மட்டும் இருந்தால் அதுவும் பிசகுதான். இந்த வடிவத்தில் நிறம் முனையில் கூடித் தெரியும் என்பதால், முனைகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்.

இதெல்லாம் சான்றிதழில் இருக்காதா என்று கேட்கலாம். ஜி.ஐ.ஏ. நிறுவனம் வெட்டுக்குத் தரம் கொடுப்பது வட்டக் கல்லுக்குத்தான். பேரிக்காய்க் கல்லின் சான்றிதழில் 'எக்ஸலன்ட்' என்று கண்டால், அது மெருகையும் சமச்சீரையும் பற்றியது. தோள் அழகையும் போ டையையும் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு காதையும் ஒரே சமயத்தில் யார் பார்க்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. அதில் பாதி நியாயம் இருக்கிறது, ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. நடுவில் முகம் இருப்பதால் ஒரு படி நிற வேறுபாடு கண்ணுக்கு எட்டாது. நீள வேறுபாடு மட்டும் நேர்முகமாக எடுத்த எந்தப் புகைப்படத்திலும் பிடிபட்டுவிடும்.

குற்றமுள்ள வைரம் ஆகாது என்கிற நம்பிக்கையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மதுரை மணிக்கடைகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரமே வைரத்தின் குற்றங்களைப் பேசுகிறது, காகபாதம் அதில் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் புள்ளியும் கீற்றும் உள்ள கல்லை நானும் தள்ளத்தான் சொல்வேன். முனையருகே கீற்று இருந்தால் கண்டிப்பாக வேண்டாம், முதலில் சிதறுவது அந்த இடம்தான். ஆனால் வி.வி.எஸ்.ஸுக்கு அடுத்த படியான வி.எஸ். தரத்தில் இருப்பவை லென்ஸ் இல்லாமல் தெரியாத குறைகள். அதற்கும் வி.வி.எஸ்.ஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நல்ல உருவத்துக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் தரத்தைத்தானே பார்ப்பார் என்றால், பார்ப்பார். அதனால் சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு கல்லுக்கும் ஒரே தரத்தில் சான்றிதழ் வாங்குங்கள். ஆனால் அன்றாடம் அணிகிற நகையை, என்றோ ஒருநாள் விற்பதற்காகத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்தபின் உயர்ந்த நிறமும் தெளிவும் மலிவாகக் கிடைக்கின்றன. கோணலான தோளை அந்தத் தரம் நிமிர்த்தாது. கல்லைத் தங்கத்தில் பதித்த பிறகு அதன் ஓரங்கள் மறைந்துவிடும், ஒப்பிடவும் முடியாது. அதனால் பதிக்கும் முன்பே இரண்டையும் தனிக்கல்லாகக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். முனையை மூடிக் காக்கும் வி வடிவக் கவ்வியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.