நாட்டுப்பாட்டுதானே!

தோவாளைப் பக்கம் கன்னிப்பூ நடவில் என் சின்னம்மை பாடியதை நம்ம பையன் ஒருத்தன், கல்லூரி மாணவன், ஆய்வுக்கென்று செல்போனில் பதிந்துகொண்டு போனான். அடுத்த வருஷம் அதே குரல் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில் கேட்டது. போய்க் கேட்டேன். 'மொதல்ல சினிமாப் பாட்டு போட்டோம், வீடியோவ முடக்கிட்டானுவ. இது நாட்டுப்பாட்டுதானே சார், யாருக்குச் சொந்தம்?' என்றார் விளம்பரம் எடுத்தவர்.

அந்தத் 'தானே'யில்தான் எல்லாம் இருக்கிறது, தோழர்களே. சினிமாப் பாட்டென்றால் பயம். பின்னால் வக்கீல் நிற்கிறார். 2017இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. விளம்பரத்தில் பாட்டைச் சேர்க்க வரிக்கும் மெட்டுக்கும் அனுமதி வேண்டும், பதிவான ஒலிக்குத் தனி அனுமதி வேண்டும். கடைக்குள் பாட்டுப் போடக் கட்டிய ரசீது இதற்குச் செல்லாது. அது கடைக்காரர் பாடு. நம்ம பாடு வேறு.

நடவு மெட்டு பொதுச்சொத்து, சரி. சின்னம்மை அன்றைக்குக் கட்டிய வரிகள்? வரப்பில் நின்று கூலியைக் குறைத்தவனை வைது பாடியிருந்தாள். அந்த வரிகளை நறுக்கிவிட்டு, பட்டுச்சேலைக்குத் தோதாகக் குலவையையும் இழுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குரலுக்கும் சட்டம் உண்டு. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் வந்த திருத்தம் பாடுகிறவருக்குத் தனி உரிமை கொடுத்தது; 2012 திருத்தம் அதை விரித்தது. சபாவில் பாடினால்தான் பாடகி என்று அதில் எங்கும் எழுதவில்லை.

1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற சூலு தொழிலாளி 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்காவில் அதை ஆப்பிரிக்க நாட்டுப்பாட்டு என்றே எடுத்துப் பாடினார்கள். அவர் 1962இல் வறுமையில் செத்தார். பாட்டு டிஸ்னி படம்வரை போனது. 2004இல் வழக்குப் போட்டு, 2006இல்தான் குடும்பத்துக்குச் சமரசம். அங்கேயும் ஒரு 'தானே'.

அவ்வளவு தூரம் போவானேன்? தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதிப் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021இல் உலகம் சுற்றியது. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை, பா.ரஞ்சித் போன்றவர்கள் கேட்ட பிறகுதான் அவர் படத்தோடு தனி அட்டை வந்தது. 2024இல், அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். பேர் தெரிந்தவர்கள் கதையே இப்படி.

நான் பேங்கில் கையெழுத்துச் சரிபார்க்கிறவன். ஒரு எழுத்து கோணினால் செக் திரும்பிவிடும். நம்ம பாட்டுக்கு மட்டும் ஒரு துண்டுத்தாள் கிடையாது. பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'எக்காலத்துக்கும், எல்லா உரிமையும்' என்று அச்சடித்த தாளை நீட்டினால் பெருவிரலை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டுச் சேகரிக்கப் போகிற மாணவர்களும் பாடியவர் பேர், தேதி, எதற்காகப் பதிகிறோம் என்பதை அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

அந்தப் பையன் வந்தான். 'தெரியாமக் குடுத்திட்டேன் அண்ணே' என்று அழுதான். திட்ட மனசு வரவில்லை. சின்னம்மைதான் கேட்டாள்: 'காசு கெடக்கட்டு மக்களே, கூலி கேட்ட வரிய என்னத்துக்கு வெட்டுனானுவ?'

வக்கீல் நோட்டீஸில் அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.