பூவரசுக்கும் நோட்ஸ் வேண்டுமா?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி விரிவானமாக இடம்பெற்றிருக்கிறது. 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. பசியும் களைப்புமாக வந்து சேர்ந்த ஓர் இளைஞனை அன்னமய்யா அழைத்துப் போகிறார். புஞ்சையில் அருகு எடுத்துக்கொண்டிருந்த சம்சாரிகள் தங்கள் சாப்பாட்டில் அவனுக்கும் பங்கு கொடுக்கிறார்கள். அன்னமய்யாவின் பெயருக்கும் அவர் செய்த காரியத்துக்கும் என்ன பொருத்தம் என்று பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல கேள்வி. நாவலாசிரியர் ஒரு பெயரிலும் ஒரு செடியிலும் ஒரு வாய்க் கஞ்சியிலும் எதைப் பொதிந்து வைத்திருக்கிறார் என்று தேடப் பழக்குகிற கேள்வி.

அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் எழுதும் விடை கைடில் அச்சடித்திருக்கும் நான்கு வரிதான். எருமப்பட்டியில் எழுதினாலும் சேந்தமங்கலத்தில் எழுதினாலும் எழுத்து மாறுவதில்லை.

இத்தனைக்கும் கொல்லிமலை அடிவாரத்தில் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அருகைப் பற்றி எந்த நோட்ஸும் சொல்லித்தர வேண்டியதில்லை. உழுதுவிட்டால் அது போகாது. வேரில் ஒரு துண்டு மண்ணில் கிடந்தாலும் அடுத்த மழைக்குத் தலைகாட்டும். குனிந்து தோண்டித்தான் எடுக்க வேண்டும். அப்படி இடுப்பொடியத் தோண்டுகிறவர்களிடம்தான் பசித்தவன் வந்து சேர்கிறான், அவர்கள்தான் கொடுக்கிறார்கள். கி.ரா. ஏன் அவனைப் பெரிய வீட்டு வாசலுக்கு அனுப்பவில்லை? இந்தக் கேள்வியை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். தன் அம்மா காட்டுக்குக் கொண்டுபோகும் தூக்குப்போசியிலிருந்தே அது பதில் சொல்லத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடம்தான் வகுப்பறைகளில் காணாமல் போய்விட்டது.

பொதுத்தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து, கண்டதைச் சொந்தமாக எழுதச் சொல்லும் வினாவும் உண்டு. ஐந்து மதிப்பெண். அதற்கும் எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஒரு கவிதையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். படத்தைப் பார்க்கவே தேவையில்லாத விடை! கண் முன்னால் இருப்பதைப் பார்க்காமலே எழுதப் பழகிய பிள்ளை, நாவலில் மறைந்திருப்பதை எங்கே பார்க்கும்?

நாமக்கல் மாவட்டத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மதிப்பெண்ணுக்காகத் தமிழகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்த மாவட்டம் இது. பிராய்லர் பள்ளி என்ற பெயர் கிடைத்ததும் அதனால்தான். பொறியியல் கட் ஆஃப் 200க்குக் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் மட்டுமே கணக்கில் வரும். 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் வந்துவிட்டது. இரண்டிலும் தமிழ் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. 2018-19இல் மேல்நிலை வகுப்புகளில் தமிழின் இரண்டு தாள்களும் ஒரே தாளாகின. பல பள்ளிகளில் நூலகப் பாடவேளை அட்டவணையில் மட்டும் இருக்கிறது. அந்த நேரம் கணக்குத் தேர்வுக்குப் போய்விடுகிறது. போர்ஷன் முடிக்க ஓடும் தமிழாசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

படிக்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள். நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுக் கைகளில் சுற்றின. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்த பிறகு, தனக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். அந்தப் பேச்சுவார்த்தையில் ஏற்பட்ட உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆகிவிட்டது.

அந்த நாவல் ஒரு பூவரச மரத்தடியில் தொடங்குகிறது. மாமனார் வீட்டில் நாயகன் காளி தன் கையால் நட்ட மரம். போத்தை ஒடித்து ஊன்றினாலே தழைக்கும் மரம் பூவரசு என்பது கட்டுத்தரை உள்ள வீட்டில் யாருக்கும் தெரியும். மரம் தழைத்து நிழல் தருகிறது. நட்டவனுக்கும் அவன் மனைவி பொன்னாவுக்கும் பிள்ளையில்லை. ஊரார் வாயிலிருந்து விழும் சொல் அத்தனையும் அந்த நிழலில் நின்றால் கேட்கும். நகலெடுத்த பக்கங்களைப் படித்தவருக்கு அந்த மரம் எப்படித் தெரியும்? கைடு படித்தவர்கள்தான் எரித்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முழு நாவலையும் ஒருமுறைகூடப் படிக்க வைக்காமல் ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நாளை இன்னொரு நகல் சுற்றுக்கு வரும்போது, புத்தகம் எங்கே என்று அவர்கள் கேட்பார்களா?

பள்ளிக்கல்வித் துறை ஒன்று செய்யலாம். பதினொன்றாம் வகுப்பில் ஒரு முழு நாவலை வைக்கட்டும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்த கொங்கு நாவல், சிறியது. கொல்லிமலை மக்களைப் பற்றி கு. சின்னப்பபாரதி எழுதிய ‘சங்கம்’ எருமப்பட்டிப் பிள்ளைக்கு ஜன்னல் வழியே தெரியும் மலையின் கதை. அதிலிருந்து வரும் வினாவுக்கு ஒற்றை விடைக்குறிப்பு வேண்டாம். நாவலிலிருந்து சான்று காட்டி எழுதினால், எந்தக் கோணத்தில் எழுதினாலும் முழு மதிப்பெண் என்று திருத்துவோருக்கு அறிவுறுத்தினால் போதும்.

அது வரும்வரை தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் அந்த ஒரு நூலகப் பாடவேளையை எந்தத் தேர்வுக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். அலமாரிப் பூட்டைத் திறந்து, புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.