கண்ணுக்குத் தெரியாத துரு! கண்டும் காணாத முதலாளி!

"விரிசலா? பூசி மெழுகு! கசிவா? வர்ணம் அடி!" - கட்டிட முதலாளிகள் ஓதும் வேதம் இதுதான். இதை நம்பினால் சாவது யார்? கார் நிறுத்தும் அடுக்கு இடிந்தால் சீமானுக்குக் கார் போகும். அங்கே காவல் காக்கும், கார் துடைக்கும் தொழிலாளிக்கு உயிர் போகும்!

வடபழனியைப் பாருங்கள். வாகினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் இன்று மால். நூறடிச் சாலைக்கு மேலே 2015 முதல் மெட்ரோ ரயில். அந்த ரயில் பாலமும், நகரங்களில் எழும் கார் நிறுத்தும் அடுக்குகள் பலவும் ஒரே வித்தையில் நிற்பவை. கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களைச் செலுத்தி, ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டுகிறார்கள். ஏழு கம்பி முறுக்கிய அரை அங்குல வடம் ஒன்றில் ஏறத்தாழ 13 டன் இழுவிசை! தூண் குறையும், இடம் பெருகும். நல்ல வித்தைதான், விஞ்ஞானத்தோடு நமக்குப் பகை இல்லை.

பகை எதனோடு? வடம் கிடக்கும் குழாயில் சிமெண்டுப் பாலை நிறைய ஏற்ற வேண்டும். அரைகுறையாக ஏற்றினால் உள்ளே வெற்றிடம், அங்கே தண்ணீரும் உப்பும் புகும், பிறகு துரு. சாதாரணக் கம்பி துருவேறினால் பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கவைத்துக் காட்டிக் கொடுக்கும். குழாய்க்குள் கிடக்கும் வடமோ பெரும்பாலும் காட்டிக் கொடுக்காது. கமலை இறைத்த விவசாயத் தோழனைக் கேளுங்கள்: உள்ளே இற்ற வடம் வெளியே நன்றாகத்தான் இருக்கும், சால் நிறைந்து மேலே வரும்போதுதான் அறும்!

இது கற்பனையா? வேல்ஸில் 1953-இல் கட்டிய பாலம் 1985 டிசம்பரில் இப்படித்தான் விழுந்தது. கோவாவில் மாண்டவி ஆற்றுப் பாலம், கட்டி 20 ஆண்டுகூட ஆகுமுன், 1986 ஜூலையில் விழுந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் 1992-இல் இவ்வகைப் புதுப் பாலங்களுக்குத் தடை போட்டது, 1996-இல்தான் நீக்கியது.

இத்தாலியின் ஜெனோவாவில் 2018 ஆகஸ்டு 14-இல் 43 உயிர்கள் பலி! தனியார் கம்பெனி சுங்கம் வசூலித்த நெடுஞ்சாலைப் பாலம் அது. ஒரு கோபுரத்தின் வடங்களை 1990-களிலேயே பலப்படுத்தினார்கள். இன்னொரு கோபுரத்தைப் பழுதுபார்க்கும் திட்டம் காகிதத்தில் இருந்தது. அந்தக் கோபுரம்தான் சரிந்தது!

உப்பு சாதாரணக் கம்பியையும் விடாது. குருகிராமில் 2022 பிப்ரவரி 10-இல் அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்து இருவர் மாண்டனர். கான்கிரீட்டில் குளோரைடு என்னும் உப்பு. பழுதுபார்க்கவும் வழியில்லை என்றது டெல்லி ஐ.ஐ.டி. வடபழனியை அடுத்த சாலிகிராமத்திலும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உப்புப் பிரச்சினை கோர்ட்டுக்குப் போனது. கடற்கரை நகரத்துக்கு இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

"பழுதுபார்த்தால் செலவு அதிகம்" என்கிறார்கள். ஆமாம், அதிகம்தான். உப்பேறிய கான்கிரீட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டால், ஒட்டின் ஓரத்திலேயே துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஆகவே தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். கெட்ட வடத்தை மாற்ற வேண்டும். மாற்ற முடியாத இடத்தில் வெளியே புது வடம் இழுத்துப் பூட்ட வேண்டும். நீர் புகும் வழியை அடைக்க வேண்டும். பாரம் ஏறிய வடத்தை அறியாமல் வெட்டினால் அம்பாய்ப் பாயும். அந்த அம்பின் முன் நிற்பவன் முதலாளியல்ல, தினக்கூலித் தொழிலாளி!

ஆகவே நாம் கேட்கிறோம்:

வடம் இழுத்த ஒவ்வொரு கட்டிடத்தையும் பாலத்தையும் குறித்த காலத்தில் திறந்து சோதி! சோதனை அறிக்கையை வாசலில் ஒட்டு! பழுதுபார்க்கும் செலவை, கட்டி லாபம் எடுத்தவன் தலையில் வை! பயிற்சியும் பாதுகாப்பும் இன்றி ஒரு தொழிலாளியையும் அந்த வேலைக்கு அனுப்பாதே!

பூச்சு வேலை போதும், குழாயைத் திற!