வேகத்தை அளப்பவர்களிடம் ஒரு கேள்வி

கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பக்க வடிவமைப்புத் தொழிலில் உள்ள இளைஞர்கள் கூடினால் ஒரு பட்டிமன்றம் தவறாமல் நடக்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே உருவாக்கி ஓட்டும் 'மெய்நிகர் கணினி'களில் எது வேகமானது? வேர்ச்சுவல்பொக்ஸா, விஎம்வெயாரா, பரலல்ஸா? பேஜ்மேக்கர் எதில் சீக்கிரம் திறக்கிறது, போட்டோஷொப் எதில் தடங்கலின்றி ஓடுகிறது என்று விநாடிக் கணக்கில் வாதிடுகிறார்கள். பல்லாண்டுகள் பத்திரிகைப் பக்கங்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது வீண் வாதம்.

முதலில் வேகத்தையே பார்ப்போம். இன்டெல் 2005 முதலும் ஏஎம்டி 2006 முதலும் தம் செயலிகளிலேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்தன. ஆகவே வெறும் கணக்கிடும் வேலையில் உள்ளே ஓடும் கணினி பெரிதாகப் பின்தங்குவதில்லை. அடிவாங்குவது வரைகலை. உள்ளிருக்கும் கணினிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மென்பொருள் பாவனை செய்யும் வரைகலை அட்டைதான். புதிய போட்டோஷொப் அங்கே தடுமாறுவது அதனால்தான்.

பேஜ்மேக்கரின் கதை வேறு. 2001 இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பெரும் பதிப்பு. 2004 இல் அடோபி அதன் வளர்ச்சியையே நிறுத்திவிட்டது. அக்காலத்துச் சிறு கணினிகளுக்காக எழுதப்பட்ட அது, இன்றைய இன்டெல் கணினிக்குள் எந்த மெய்நிகர் கணினியிலும் பறக்கும். 2020 இல் வந்த ஆப்பிளின் எம்1 செயலியும் அதன் வழிவந்தவையும் மட்டும் விலக்கு. அங்கே எக்ஸ்பியை ஓட்ட, பழைய செயலியையே முழுதாகப் பாவனை செய்ய வேண்டும். மந்தம் தவிர்க்க முடியாதது.

கேட்கப்படாத கேள்வி இதுதான்: 2014 ஏப்ரலில் மைக்ரோசொப்ட் கைகழுவிய விண்டோஸ் எக்ஸ்பியை ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதற்குள் செத்த மென்பொருளை ஏன் இன்னும் ஓட்டுகிறோம்?

விடை, பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வரைந்துவைத்த ஏற்பாடு அது. அதில் தட்டச்சிட்ட 'கல்முனை' கணினிக்குள் கல்முனையாக இல்லை. எப், வை, அரைப்புள்ளி, பெரிய கே, ஐ, டி என்றே கிடக்கிறது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உளறல்.

இதனால் நட்டம் யாருக்கு? 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எங்கள் கரையோர வீடுகளுக்குள் வந்தபோது, மனிதர்களோடு ஏடுகளும் போயின. அதன் பின் நாம் வெளியிட்ட ஞாபகார்த்த மலர்கள், பாடசாலை மலர்கள், கவிதைத் தொகுதிகள் ஆகியவற்றில் எத்தனை பாமினியில் பூட்டப்பட்டு இறுவட்டுகளில் கிடக்கின்றன! இறந்த தன் தந்தையின் பெயரை ஒரு மகள் தேடினால் அகப்படாது. நூலகம் திட்டம் 2005 முதல் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் சேர்த்துவருகிறது. அதற்கு நாம் கொடுக்க வேண்டியது வாசிக்கத்தக்க எழுத்து. வெறும் படம் அல்ல.

"விரல் பழகிவிட்டது" என்பார்கள். பாமினி விசைப்பலகை முறையிலேயே ஒருங்குறியில் எழுதலாம். விரல் மாற வேண்டியதில்லை. "வடிவமைப்பு மென்பொருள் தமிழை உடைக்கிறது" என்பார்கள். அது முந்திய கதை. இன்டிசைன் 2012 இன் சிஎஸ்6 பதிப்பிலேயே தமிழை ஏற்றது. "விலை கட்டுப்படியாகாது" என்பார்கள். நியாயம். ஆனால் ஸ்கிரைபஸ் இலவசம். 2024 இல் வந்த அதன் 1.6 பதிப்பு எமது எழுத்துகளைக் கோத்துக் காட்டும். "பழைய கோப்புகள்?" என்பார்கள். சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் எதற்கு இருக்கின்றன?

மெய்நிகர் கணினியை நான் வெறுக்கவில்லை. பழைய பெட்டகத்தைத் திறக்கும் சாவி அது. திறந்து, எழுத்தை வெளியே எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் பூட்டிவிட வேண்டும். பெட்டகத்துக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, கதவு எத்தனை விநாடியில் திறக்கிறது என்று பெருமை பேசுவது தொழில் ஆகாது.

மலர் வெளியிடும் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அச்சகத்துக்குப் பணம் கொடுக்குமுன், அச்சுப் பிரதிகளோடு ஒருங்குறிப் பிரதி ஒன்றையும் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அச்சகம் மாறும்.