ஔவையார் வளைவுக்கு ஆண்கள் மட்டும்தானா?



இந்த வருஷம் கல்விச் சுற்றுலாவுக்கு பஸ் வேண்டாம், அரசு தந்த சைக்கிளிலேயே ஏலகிரி மலை ஏறலாம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் பேச்சு அடிபடுகிறது. நல்ல யோசனை! ஆனால் கூடவே இன்னொன்றும் காதில் விழுந்தது. "பசங்க மட்டும் போலாம், பொண்ணுங்களால மலை ஏற முடியாதுப்பா!" ஏன் முடியாது?

ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயரம் 1,000 மீட்டருக்கு மேல். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நம்ம ஊர் பாலாறு தமிழ்நாட்டுக்குள் நுழைவதே அந்த வாணியம்பாடிப் பக்கம்தான். இங்கிருந்தே மிதித்துக்கொண்டு போனால் ஒரு நாளில் முடியாது. முதல் நாளே சைக்கிள்களை மினி லாரியில் அனுப்பிவிட்டு, நாம் ரயிலில் ஜோலார்பேட்டை போய்த் தங்கி, விடியற்காலையில் ஏற ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம்.

நம்ம சைக்கிளில் கியர் கிடையாது. செங்குத்தான இடத்தில் பையனும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும், பெண்ணும் தள்ளத்தான் வேண்டும். சாய்தளம் நீண்டால் தேவைப்படும் விசை குறையும் என்று இயற்பியலில் படித்தோமே, மலைப்பாதை வளைந்து வளைந்து போவது அதற்காகத்தான். உண்மையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்தால் கட்டை சூடாகித் தேயும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், வளைவில் இறங்கி நடக்க வேண்டும். அதற்குத் தேவை பலம் அல்ல, நிதானம். அது நம் வகுப்பில் யாரிடம் அதிகம் என்று ஆசிரியர்களையே கேளுங்கள்!

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது அங்கே ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கிண்டலையும் கேலியையும் தாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். தண்ணீர்க் குடம், பிள்ளை எல்லாம் சைக்கிளில் ஏறின. நமக்குக் கிடைக்கும் இலவச சைக்கிளும் 2001-02-ல் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான் தரப்பட்டது. 2005-06-ல்தான் எல்லா மாணவ, மாணவியருக்கும் என்று ஆனது. அதாவது பசங்களுக்கு சைக்கிள் வந்ததே பெண்களுக்கு அப்புறம்தான்!

இன்னொரு சங்கதி. ஏலகிரி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஔவையார் வளைவும் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். தகடூர் எங்கே, தொண்டை நாடாகிய நம்ம பக்கம் எங்கே! அவர் பெயர் வைத்த வளைவுக்கு மாணவிகள் வரக்கூடாது என்றால் சிரிப்பு வராதா?

வீட்டில் பயப்படுவார்கள் என்கிறீர்களா? பயம் நியாயம்தான். பசங்க வீட்டிலும் அதே பயம் இருக்கிறதே! இரண்டு ஆசிரியைகள் கூட வரட்டும். பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, முதலுதவிப் பெட்டி எடுத்துக்கொள்வோம். வரிசையாகப் போவோம். இதெல்லாம் பையன்களுக்கும் வேண்டியதுதானே.

தலைமை ஆசிரியர் அவர்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். பெற்றோர் சம்மதக் கடிதம் கொடுக்கும்போது மாணவிகள் கையிலும் ஒன்று கொடுங்கள். போவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் நாங்கள் பேசிக்கொள்கிறோம். கேட்காமலே "முடியாது" என்று எங்களுக்காக யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

சக்கரத்துக்கு ஆண், பெண் தெரியாது. மிதித்தால் சுற்றும்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி