துப்பாக்கி விளையாட்டும் நம் பிள்ளைகளும்

கைப்பேசியில் சுட்டு விளையாடும் பிள்ளைகள் எல்லாரும் நாளை கத்தி எடுப்பார்கள் என்று நம் மஹல்லாக்களில் பேசப்படுகிறது. இதை நாம் ஏற்கவில்லை. ‘வெறும் விளையாட்டுதானே’ என்று கைகழுவுவோரையும் ஏற்கவில்லை.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த நமக்கு வேட்டை புதிதன்று. உண்டிவில்லோடு காட்டுப் பக்கம் போய்க் கௌதாரிக்கும் முயலுக்கும் குறி பார்த்தவர்கள்தாம் நாம். (1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி அன்று நமக்கு எவரும் சொல்லவில்லை.) அடிபட்ட பறவை கையில் துடித்தபோது ஒருவன் அன்றோடு உண்டிவில்லைத் தூக்கி எறிந்தான். இன்னொருவன் சிரித்தபடியே அடுத்த கல்லைத் தேடினான்.

உணவுக்காக வேட்டையாடுவதை மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால், ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய குறைஷி இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை அவர் எடுத்துச் சொன்னார். அந்த இளைஞர்களின் எதிரே ஓர் உயிர் துடித்தது. கண்டிக்க ஒருவரும் வந்து நின்றார். நம் பிள்ளையின் திரையில் துடிப்பு ஏது? சுடப்பட்டவன் விழுகிறான், மறைகிறான், அடுத்த ஆட்டத்தில் மீண்டும் வருகிறான். உண்டிவில்லை எறிந்தவனுக்குக் கிடைத்த அந்த நொடி இங்கே யாருக்கும் வாய்ப்பதில்லை.

ஆயினும் அச்சத்தை மிகைப்படுத்த வேண்டியதில்லை. 14, 15 வதுடைய பிரிட்டன் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப்பட்டியலில் ஏற்றுக்கொண்டது வேறொன்றை: விளையாட்டை நிறுத்த இயலாமல், உறக்கம், படிப்பு, உறவு அனைத்தையும் அதற்குப் பலியிடும் நிலையை. எல்லாப் பிள்ளைகளும் அந்நிலைக்குப் போவதில்லை. தனிமையில் இருப்பவனும் மனம் நொந்தவனும் எளிதில் சிக்குகிறார்கள்.

தடை கேட்போருக்கு ஒரு செய்தி. 2020 செப்டம்பர் 2 அன்று நடுவண் அரசு பப்ஜியைத் தடைசெய்தது. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, வன்முறை அன்று. மறு ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்தது.

வளைகுடாவில் உழைக்கும் அத்தா ஆசையோடு வாங்கி அனுப்பிய கைப்பேசி அது. இரவு இரண்டு மணிக்கும் போர்வைக்குள் அது ஒளிர்கிறது. ஃபஜ்ருக்கு எழாதவனை அம்மா திட்டுகிறார். யாரோடு விளையாடினாய், தோற்றபோது ஏன் அழுதாய் என்று இதுவரை அவனிடம் கேட்டவர் யார்?