கருவி மாறினால் கணக்கும் மாறும்

"கருவிதானே! ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே!"

குளிர்சாதன அறையில் அமர்ந்து உரிமக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்போர் இவ்வாறு மிக எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இச்சொல்லை நான் வன்மையாக மறுக்கிறேன். நிறுவனங்களின் விற்பனையையும் இருப்பையும் ஆய்ந்து அறிக்கையாக்கும் வணிக நுண்ணறிவு மென்பொருள் சமையற்கட்டுக் கரண்டியன்று. அதனுள்ளே ஒரு கணக்கு முறை குடிகொண்டிருக்கிறது.

நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் டேப்லோவில் அறிக்கைகள் எழுதினோம். ஒரு நாள், இனி பவர் பிஐதான் என்றனர். ஆறு வாரத் தவணையும் கொடுத்தனர். மாற்றியும் கொடுத்தோம். புதிய திரையில் புதிய வாடிக்கையாளர் எண்ணிக்கை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்து நின்றது. விற்பனைப் பிரிவினர் கைதட்டி மகிழ்ந்தனர். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது.

நடந்தது இதுதான். டேப்லோவில் 'ஃபிக்ஸ்டு' என்னும் சொல்லை இட்டு ஒவ்வொரு வாடிக்கையாளரும் முதன்முதலில் பொருள் வாங்கிய நாளைக் கணக்கிட்டிருந்தோம். பார்ப்பவர் பின்னர் 2022ஆம் ஆண்டை மட்டும் தெரிவு செய்தாலும், அந்தச் சாதாரண வடிகட்டி குறுக்கிடுவதற்கு முன்பே கணக்கு முடிந்திருக்கும். 2016இல் வந்தவர் 2016இல் வந்தவராகவே இருப்பார். பவர் பிஐயின் டாக்ஸ் மொழியில் எழுதும் மெஷரோ, பார்ப்பவர் இடும் வடிகட்டிகளுக்கு உள்ளே நின்றுதான் விடை சொல்லும். 2022ஐத் தொட்டால் அதற்கு முந்திய காலமே அதன் கண்ணில் படாது. ஆறாண்டு பழகிய வாடிக்கையாளர் அந்த ஆண்டில்தான் பிறந்தவர் போல் நிற்பார்! 'கால்குலேட்' என்னும் செயற்கூற்றைக் கொண்டு அந்த வடிகட்டியை நீக்கி எழுத வேண்டும். அவசரத்தில் அதை எழுதாது விட்டது எங்கள் பிழையே. ஆனால் ஆறு வாரம் என்று நாள் குறித்தவர் யார்?

பிழையை எடுத்துச் சொன்னபோது எவரும் நன்றி கூறவில்லை. "பழைய கருவியின் மீது உனக்குப் பாசம்" என்றனர். (அதிலும் சிறிது உண்மை உண்டு, கை பழகிய ஒன்றை விடுவது யாருக்குத்தான் எளிது?)

பவர் பிஐ தாழ்ந்தது என்று நான் வாதிட வரவில்லை. அட்டவணைகளை உறவுபடுத்தி ஒரே மாதிரியாக அமைத்து, ஒரு கணக்கை ஒருமுறை எழுதிப் பல அறிக்கைகளில் ஆளும் அதன் வசதியைப் பின்னாளில் விரும்பவே செய்தேன். எக்செல் சூத்திரம் போலத் தோன்றும் டாக்ஸ், எக்செல் அறிந்தவரையே முதலில் ஏமாற்றும் என்பதையும் கற்றேன். அக்கல்விக்கு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களுக்கு எந்த வரவுசெலவுத் திட்டத்தில் இடமிருந்தது?

மலிவு என்கிறீர்களா? 2015இல் பவர் பிஐ பொதுவெளிக்கு வந்தபோது தலைக்கு மாதம் ஏறத்தாழ 10 டாலர். 2025 ஏப்ரலில் அதன் புரோ உரிமம் 14 டாலர் ஆயிற்று. டேப்லோவும் 2019இல் சேல்ஸ்ஃபோர்ஸ் கைக்குப் போயிற்று. விலையும் உரிமையாளரும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை நம்பியா ஓடுவது?

நம் நாட்டில் பால்மரக் காடுகள் செம்பனையாக மாறியபோதும் "மரம்தானே" என்றவர்கள் உண்டு. பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கை குலை வெட்டப் பழகுவதற்குள் எத்தனை நாள் கூலி குறைந்தது என்பதை அவர்கள் கணக்கில் எழுதவில்லை.

ஆகவே கேட்கிறேன். கருவி மாற்றத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் அறிக்கை எழுதுபவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். 'புதிய வாடிக்கையாளர்' என்றால் யார், 'விற்பனை' என்பதில் திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு சேருமா என்பனவற்றை எந்தக் கருவியின் மொழியிலும் அல்லாமல், சாதாரணத் தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ முதலில் தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். பழையதும் புதியதும் ஒரு காலாண்டேனும் அருகருகே ஓடட்டும். இரண்டு உரிமத்துக்கும் பணம் கட்ட வேண்டுமே என்று முணுமுணுப்பீர்கள். கட்டத்தான் வேண்டும். அந்தக் காலாண்டில் இரு திரைகளின் எண்களும் ஒவ்வாத இடங்களை நாங்கள் ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம். அதுவரை பழைய கருவியின் உரிமத்தை ரத்து செய்யாதீர்கள்.